மூன்று பானையும் ஒரு மூட்டைச் சருகும்

போன வருஷம் பொங்கல் கழிந்து ஒரு மாதம் இருக்கும். மும்பை தாராவியிலிருந்து அம்மா செம்பூரில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். பால்கனிக் கதவைத் திறந்தவள் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னட்டி இது? பொங்கப்பானைய இன்னும் வெளியவா வச்சிருக்க? அதுவும் மூணு?"

பக்கத்தில் போய் மூடிகளைத் திறந்து காட்டினேன். அடிப்பானையில் இருந்தது இரண்டு மாதத்துக்கு முந்தைய சமையலறைக் கழிவு. கறுத்து, பொலபொலவென்று உதிர்ந்து கிடந்தது. முட்டைத் தோட்டின் வெள்ளைப் புள்ளிகளைத் தவிர வேறெதையும் அதில் அடையாளம் காண முடியாது. நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா கையை விட்டு ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தாள்.

"எருக்குழி மண்ணுல்லா இது."

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவள் எதுவும் பேசவில்லை. அந்தப் பிடி மண்ணும் கையை விட்டு இறங்கவில்லை.

அம்மாவுக்கு நாங்குநேரிப் பக்கம். பத்தொன்பது வயதில் கல்யாணமாகி தாராவிக்கு வந்தவள். ஊரில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு எருக்குழி இருந்ததாம். சாணி, அடுப்புச் சாம்பல், மாடு தின்று மிச்சம் வைத்த வைக்கோல், முற்றம் கூட்டிய தூசி எல்லாம் அதற்குள் போகும். காய்கறித் தோலும் பழத்தோலும் குழிக்குப் போவதற்கு முன்னாலேயே மாட்டின் வாய்க்குப் போய்விடும். அரிசி களைந்த தண்ணீரும் வடித்த கஞ்சியும் கழுநீர்ப் பானைக்கு. கோடையில் குழியை வெட்டி, வண்டி கட்டி, வயலுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அதற்குப் பெயர் "குப்பை அடிக்கிறது". இந்த வருஷம் எத்தனை வண்டிக் குப்பை அடித்தீர்கள் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்களாம். குப்பை அதிகம் இருக்கிற வீடு வசதியான வீடு.

யோசித்துப் பார்க்கிறேன். தாராவியில் கிடக்கும் கழிவை அம்மா "குப்பை" என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. சந்து முனையில் கிடப்பதை அவள் எப்போதும் "கச்ரா" என்றுதான் சொல்வாள். இந்திக்காரர்கள், மராத்திக்காரர்கள் நடுவில் புழங்கியதால் வந்த பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்குப் பால்கனியில் அவள் நின்ற விதத்தைப் பார்த்தபோது, ஊரில் மரியாதையோடு புழங்கிய ஒரு சொல்லைச் சாக்கடையோரம் கிடக்கும் பொருளுக்கு வைக்க அவளுக்கு மனம் வரவில்லையோ என்று தோன்றியது.

பானையில் எரு செய்வதை நான் தொடங்கியது தோட்டம் போடுவதற்காக இல்லை. எங்கள் பால்கனியில் இருப்பதே ஒரு துளசி, ஒரு கறிவேப்பிலை, இரண்டு கற்பூரவல்லித் தொட்டிகள்தான். தொடங்கியது 2016 ஜனவரிப் புகையால்.

செம்பூரில் அப்போது இருந்தவர்களுக்கு அது மறந்திருக்காது. தேவ்னார் குப்பைமேட்டில் தீப்பிடித்து நாள்கணக்கில் அணையாமல் எரிந்தது. நாசாவின் செயற்கைக்கோள் படத்திலும் அந்தப் புகை தெரிந்தது. பக்கத்து வட்டாரங்களில் மாநகராட்சிப் பள்ளிகளை மூடினார்கள். எங்கள் வீட்டில் எல்லா ஜன்னலையும் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி செருகி வைத்தும் மகளுக்கு இருமல் நிற்கவில்லை. மார்ச்சில் மறுபடியும் எரிந்தது. அந்த இரண்டாவது தடவைதான் எனக்கு உறைத்தது: எரிவது யாரோ கொட்டியது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், அதில் என் வீட்டு வாளியும் இருக்கிறது. எனக்காவது சாத்துவதற்கு ஜன்னல் இருந்தது. மேட்டை ஒட்டியே வாழ்கிற கோவண்டி சிவாஜி நகர், பைங்கன்வாடிக் குடும்பங்களில் பலருக்குத் தகரமும் தார்ப்பாயும்தான் சுவர். அவர்களுக்கு அந்த மேடு தினசரி வாழ்க்கை.

செம்பூருக்கும் குப்பைக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. நான் தினமும் ஏறுகிற ஹார்பர் லைனில் குர்லாவுக்கும் செம்பூருக்கும் நடுவில் உள்ள தண்டவாளம் 1906-இல் போடப்பட்டதே குப்பை ரயிலுக்காகத்தான். 1896-இல் பம்பாயைப் பிளேக் உலுக்கியது. அதற்குப் பிறகு நகரத்தின் அழுக்கை நகரத்துக்கு வெளியே தள்ளிவிட வேண்டும் என்ற அவசரம் வந்தது. அன்றைக்கு "வெளியே" என்றால் செம்பூர், தேவ்னார் சதுப்பு நிலம். மனிதர்கள் ஏறுகிற ரயில் அந்தத் தடத்தில் ஓடத் தொடங்கியது 1924-இல்தான். தேவ்னார் மேட்டில் 1927 முதல் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். நகரம் வளர்ந்து அந்த "வெளியே"யைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. மேடு மட்டும் இருந்த இடத்திலேயே உயர்ந்தது. முலுந்து மேட்டை 2018-இல் மூடிய பிறகு மும்பைக் குப்பையில் பெரும்பகுதி காஞ்சூர்மார்க் போகிறது. இப்போது நாற்றத்தைப் பற்றிப் புகார் சொல்வது விக்ரோலிக்காரர்கள்.

மும்பை ஒரு நாளைக்குக் கழிப்பது 6,000 டன்னுக்கு மேல். அதில் பெரும்பங்கு சமையலறையிலிருந்து வருகிற ஈரக் குப்பை. வாழைப்பழத் தோல் மக்கிப் போகிற பொருள்தானே, எங்கே கிடந்தால் என்ன என்று என் தங்கை கேட்டாள். நல்ல கேள்வி. காற்றுப் பட மக்கினால் அது மண். பிளாஸ்டிக் பைக்குள் முடிச்சுப் போட்டு, மேலே நாற்பது அடிக்குக் குப்பையை ஏற்றினால் உள்ளே காற்றே போகாது. காற்றில்லாத இடத்தில் வேலை செய்கிற நுண்ணுயிர்கள் வேறு. அவை மீத்தேனை வெளியிடும். நூறு வருஷக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 27 மடங்கு, இருபது வருஷக் கணக்கில் 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிற வாயு அது. மேடு தீப்பிடித்தால் அணைப்பது அவ்வளவு கஷ்டமாக இருப்பதற்கும் உள்ளேயிருந்து வருகிற அந்த வாயு ஒரு காரணம். மேலே தண்ணீர் அடிப்பார்கள், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும்.

எரிவது மட்டும் இல்லை, சரிவதும் உண்டு. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று, கொழும்புக்குப் பக்கத்தில் மீதொட்டமுல்லையில் குப்பைமலை வீடுகள் மேல் சரிந்தது. முப்பதுக்கு மேற்பட்டவர்கள் புதைந்து இறந்தார்கள். பண்டிகை நாளில் வீட்டில் கூடியிருந்த குடும்பங்கள். அந்தச் செய்தியை வாசித்த அன்று எங்கள் வீட்டிலும் பாயசம் வைத்து, முந்திரி கருகிப்போனதால் பாதியைக் கொட்டியிருந்தேன்.

பானை வாங்கியது கும்பார்வாடாவில். தாராவியின் அந்தப் பகுதிக் குயவர்கள் குஜராத்திலிருந்து வந்து தலைமுறைகளாக அங்கேயே சக்கரம் சுற்றுகிறவர்கள். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஒவ்வொரு பொங்கலுக்கும் அம்மா அவர்களிடம்தான் பானை வாங்குவாள். பக்கவாட்டில் வரிசையாக ஓட்டை போட்ட பானை வேண்டும், சூளையில் வைப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள் என்று வயதான குயவர் ஒருவரிடம் கேட்டேன். வேறு யாருக்கோ முன்பே செய்து பழகியவர்போல, எதற்கு என்று கூட அந்தக் காகா கேட்கவில்லை. சுட்ட மண் மூச்சு விடும். அதிகப்படியான ஈரம் சுவர் வழியாகவே வெளியேறும். மும்பைக்கு பிளாஸ்டிக் டிரம்மைவிட மண்பானை நல்லது என்று நான் சொல்வது இந்த ஒரு காரணத்துக்காக.

முதல் வருஷம் தோற்றுப்போனேன். ஏப்ரலில் தொடங்கினேன், மே வரை பிரச்சினை இல்லை. ஜூனில் மழை பிடித்தது. ஒரு வாரத்தில் பானை சேறானது, புளித்த நாற்றம் வந்தது, பிறகு சாம்பல் நிறத்தில் தடித்த புழுக்கள். பக்கத்து வீட்டு மாமி மூக்கைப் பொத்திக்கொண்டு மணி அடித்தார். மாமி கோபித்ததில் தப்பே இல்லை. எல்லாவற்றையும் கறுப்புப் பையில் கட்டி, கண் கலங்க, கீழே கொண்டுபோய்ப் போட்டேன்.

தப்பு எங்கே என்று அம்மாவின் ஊர்க் குழியை நினைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. அதில் சாணியைப்போலவே வைக்கோலும் உண்டு, சாம்பலும் உண்டு. நான் பச்சையை மட்டும் போட்டுக்கொண்டே போயிருக்கிறேன். இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டும் யஷ்வந்த் வாடும் 1920-களில் சோதித்து 1931-இல் நூலாக எழுதிய முறையின் அடிப்படையும் இதுதான். நுண்ணுயிர் உடம்பு வளர்க்க நைட்ரஜன் வேண்டும், அது காய்கறித் தோலில் இருக்கிறது. வேலை செய்யத் தெம்புக்குக் கார்பன் வேண்டும், அது சருகில் இருக்கிறது. ஒரு பங்கு நைட்ரஜனுக்கு இருபத்தைந்து முப்பது பங்கு கார்பன் என்பது கணக்கு. சமையலறையில் தராசு வைத்து நிறுக்க வேண்டாம். ஒரு கிண்ணம் ஈரக் கழிவுக்கு ஒன்றரைக் கிண்ணம் நொறுக்கிய சருகு, மழைக்காலத்தில் இரண்டு கிண்ணம். கையில் எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் கசிய வேண்டும், சொட்டக் கூடாது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும்.

சருகு இந்த ஊரில் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். மாட்டுங்கா பஞ்ச உத்யானம் பக்கம் பிப்ரவரி, மார்ச்சில் போய்ப் பாருங்கள். நான் வேலை பார்க்கிற இடம் அங்கிருந்து நடக்கிற தூரம். தூங்குமூஞ்சி மரங்கள் இலையாய்க் கொட்டும். பெருக்குகிறவர்கள் ஓரமாய்க் குவித்து வைத்திருப்பார்கள். கேட்டால் மகிழ்ச்சியாக அள்ளிக்கொள்ளச் சொல்வார்கள், ஏனென்றால் இல்லாவிட்டால் அதையும் அவர்களே சுமக்க வேண்டும். மழைக்கு முன்பே மூன்று மூட்டை கட்டி, கட்டிலுக்கு அடியில் வைத்துவிடுவேன். ஜூலையில் சருகு தேடினால் நனைந்ததுதான் கிடைக்கும். சருகு தீர்ந்துபோனால் முட்டை அட்டையைக் கிழித்துப் போடலாம், தேங்காய் நாரைப் பிய்த்துப் போடலாம். தச்சுக்கூடத்து மரத்தூள் நல்லதுதான், ஆனால் பிளைவுட் அறுத்த தூள் வேண்டாம், அதில் பசை இருக்கும்.

பானையில் போடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காபிப் பொடிச் சக்கை, தேயிலை, முருங்கைக்காய்ச் சக்கை, கறிவேப்பிலைக் காம்பு, வெங்காயத் தோல் எல்லாம் போகும். வாழையிலையைக் கத்தரியால் துண்டு துண்டாக நறுக்கிப் போட வேண்டும், முழுசாகப் போட்டால் மடிப்புக்குள் காற்றுப் போகாமல் அழுகும். சாமிக்குச் சாத்திய பூவில் நூலை உருவிவிடுங்கள். ஊசிப்போன சோறு கொஞ்சம் போடலாம், சருகை இரட்டிப்பாக்கி. எண்ணெய் மிதக்கிற குழம்பு வேண்டாம். மீன் செதிலும் தலையும் போட்டுப் பார்த்தேன். பூனை வந்தது, மாமியும் வந்தார். எங்களைப்போல வாரம் இரண்டு நாள் மீன் சமைக்கிற வீட்டில் அதை மட்டும் தனியாகக் கொடுத்துவிடுவதுதான் வழி. தொடங்கும்போது ஒரு கரண்டி புளித்த மோரும் ஒரு பிடி பழைய எருவும். இரண்டு நாளைக்கு ஒருமுறை கிளறல். மேல் பானை நிறைந்ததும் நடுப்பானையோடு இடம் மாற்றுவேன், அதுவும் நிறைந்ததும் எல்லாம் அடிப்பானைக்கு. ஐம்பது, அறுபது நாளில் ஆகிவிடும். புழு வந்தால் பயப்பட வேண்டாம், கடிக்காது, கழிவை வேகமாகத் தின்னும். ஈரம் அதிகம் என்று அது சொல்கிறது, சருகைச் சேர்த்தால் போய்விடும்.

நாங்கள் நாலு பேர். மாதம் இருபது கிலோ அளவுக்குப் பானைக்குள் போகிறது. நாலு கிலோ எரு வருகிறது. மீதி தண்ணீராகவும் காற்றாகவும் போய்விடுகிறது. அந்த இருபது கிலோ லாரி ஏறவில்லை என்பதுதான் எனக்குப் பெரிது, எரு இரண்டாம் பட்சம்.

இன்னொன்று நான் எதிர்பார்க்காதது. எங்கள் பில்டிங்கில் குப்பை எடுக்க வருகிற பெண் சேலம் பக்கத்துக்காரர். பானை நல்லபடி நடக்கத் தொடங்கி இரண்டு மாதம் ஆனபோது சொன்னார்: "அக்கா, உங்க வீட்டு டப்பா மட்டும் நாறறதில்ல. உள்ள கைய விட்டுப் பிரிக்க முடியுது." தினமும் அவர் கை எதற்குள் போய் வருகிறது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. சாம்பார் ஊறிய பால் பாக்கெட்டுக்கு விலை கிடையாது. காய்ந்த பாக்கெட்டுக்கு உண்டு. தாராவி 13-வது காம்பவுண்டில் பிளாஸ்டிக் பிரித்து, நொறுக்கி, உருக்குகிறவர்களும் இதையே சொல்வார்கள், சுத்தமாக வந்தால்தான் காசு. ஈரத்தை வீட்டிலேயே நிறுத்திக்கொண்டால் மீதி உள்ள உலர்ந்த குப்பை யாரோ ஒருவருடைய கூலி ஆகிறது. ஜோதி மாப்சேகர் தொடங்கிய ஸ்த்ரீ முக்தி சங்கடனா என்ற அமைப்பு 1998 முதல் "பரிசர் விகாஸ்" திட்டத்தில் குப்பை பொறுக்கும் பெண்களுக்கு எரு தயாரிக்கவும் எரிவாயுக் கலன் நடத்தவும் பயிற்சி கொடுத்து வருகிறது. அந்தப் பெண்களை "பரிசர் பகினி" என்கிறார்கள், சுற்றுப்புறச் சகோதரி. தொழில் தெரிந்தவர்களாக அவர்களை நடத்துகிறது என்பதால் அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கும்.

எங்களுக்குப் பக்கத்திலேயே டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் "நிசர்க்ருணா" என்ற கலனை உருவாக்கியது, சமையலறைக் கழிவை அரைத்து எரிவாயுவும் எருவும் எடுப்பது. மும்பைத் துறைமுகக் கழகத்தின் மையச் சமையலறை மொட்டை மாடியில் ப்ரீத்தி பாட்டீல் கழிவிலிருந்தே மண் செய்து காய்கறியும் பழமரமும் வளர்த்துக் காட்டினார். வழி தெரியாத ஊர் இல்லை இது. 2017 அக்டோபர் 2 முதல், ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை வருகிற பெரிய குடியிருப்புகள் ஈரக் கழிவை அவர்களே கையாள வேண்டும் என்று மாநகராட்சி சொன்னது. எனக்குத் தெரிந்த ஒரு சொசைட்டியில் லட்சக்கணக்கில் இயந்திரம் வாங்கினார்கள். ஆறு மாதத்தில் அதன்மேல் சைக்கிள்கள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. கிளறுவதற்கு ஒரு ஆளைச் சம்பளம் கொடுத்து வைக்கவில்லை, அவ்வளவுதான் காரணம். கேரளத்தில் ஆலப்புழை 2012-இல் குப்பை எடுத்துச் செல்ல இடமில்லாமல் திணறிய பிறகு வீட்டுக்கு வீடு குழாய் எருவும் எரிவாயுக் கலனும் கொண்டுவந்தது. அங்கே அது நிலைத்ததற்கு, வீடு வீடாய் ஆள் போய்ப் பேசியதும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்ததும்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் எல்லோரும் செய்யுங்கள் என்று மேடை போட்டுச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. நான் பிறந்த தாராவி வீடு பத்துக்குப் பத்து. மேலே ஒரு மாளா, அதாவது மாடி அறை, அதில் இன்னொரு குடும்பம் வாடகைக்கு. அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். தண்ணீர் டிரம் வைக்கவே வாசலில் அண்டை வீட்டாரோடு பேச்சுவார்த்தை நடத்த வேண்டிய இடத்தில் மூன்று பானையை எங்கே வைப்பது? அந்த வீடுகளில் வீணாகிற சோறும் குறைவு. ராத்திரி மிஞ்சியது காலையில் பழையது ஆகிவிடும். பால்கனி இருக்கிறவர்கள், மாடி இருக்கிறவர்கள், கீழே பத்தடி மண் இருக்கிற செம்பூர், மாட்டுங்கா சொசைட்டிகள், கல்யாண மண்டபங்கள், நூற்றுக்கணக்கில் இலை போடுகிற சாப்பாட்டுக் கடைகள், இவர்கள் செய்ய வேண்டிய வேலை இது. இடம் நம்மிடம் இருக்கும்போது கழிவை மட்டும் இடமில்லாதவர்கள் பக்கம் அனுப்புவது நியாயமாக எனக்குப் படவில்லை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 2024-இல் மகாராஷ்டிர அமைச்சரவை, தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்காகத் தேவ்னார் குப்பைமேட்டு நிலத்தில் 124 ஏக்கரை ஒதுக்க ஒப்புக்கொண்டது. தாராவிக்குள்ளேயே வீடு பெறத் தகுதியில்லை என்று ஒதுக்கப்படுகிறவர்களுக்கு மாற்று வீடு கட்டுகிற இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே குவிந்திருக்கிற பழைய குப்பையை முதலில் அகற்ற வேண்டும். மொத்தம் 185 லட்சம் டன் என்கிறார்கள். நகரத்தின் கச்ராவைத் தரம் பிரித்து உயிர் கொடுத்த தாராவிக்காரர்களுக்கு, அதே நகரம் கொட்டி வைத்த மேட்டின் மேல் வீடு. அம்மா வீட்டின் காகிதங்கள் சரியாகத்தான் இருக்கின்றன. மாளாவில் இருக்கிற குடும்பத்துக்கு என்ன ஆகும் என்று அம்மா என்னிடம் கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த வீட்டுப் பெண் கூலிக்குப் பாத்திரம் கழுவுவது எங்கள் செம்பூரில்தான், எங்களைப்போன்ற வீடுகளில்.

பானைகளைப் பார்த்த அன்றைக்கு, ஊருக்குக் கிளம்புகிறவளைப்போல அம்மா ஒரு பை எருவைக் கட்டிக்கொண்டு போனாள். தகரக் கூரை ஓரம் பெயிண்ட் வாளியில் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்திருக்கிறாள், அதற்கு. ஆட்டோவில் ஏறும்போது டிரைவர் பையில் என்ன என்று கேட்டிருக்கிறார். "குப்பை" என்று தமிழிலேயே சொன்னாளாம்.

எங்கள் பில்டிங்கில் இப்போது இன்னும் இரண்டு வீடுகள் பானை கேட்டிருக்கின்றன. ஒன்று, மூக்கைப் பொத்திக்கொண்டு வந்த அதே மாமி வீடு. கோயில் பூவை என்ன செய்வது என்று தெரியாமல் பையில் கட்டி வைத்திருந்தவர். போன வாரம் கும்பார்வாடா போய் ஆறு பானைக்குச் சொல்லிவிட்டு வந்தேன். மழையில் மண் காயாது, இப்போது முன்பணம் வேண்டாம், தசரா கழித்து வா என்றார் காகா. ஓட்டை எந்த அளவு என்பதற்கு ஒரு பழைய பானையைக் கொண்டுபோய்க் காட்டச் சொன்னார். நடுப்பானை இப்போது நிறைந்திருக்கிறது. அடுத்த மாதம் காலியானதும் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.